வெளியே தெரியாத தையல்

ஆந்திரம் தனியாகப் பிரிந்து, நகரி எந்தப் பக்கம் சேரும் என்று தெருவில் ஓயாமல் வாக்குவாதம் நடந்த சமயம். எங்கள் வீட்டு வழக்கு வேறு: ஆபரேஷன் எனக்கும் நடந்ததா, என் ஓரகத்திக்கு மட்டுமா?

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. இருவருக்கும் ஒரே வாரத்தில் சித்தூரில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவளுக்குப் பெரிய கட்டி, அதனால் வயிற்றைத் திறந்தார்கள். எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டிருந்தது. அடிவழியாகவே எடுத்து, தளர்ந்த இடத்தை உள்ளே தைத்தார்கள். இரண்டு மாதம் இருவரும் குடம் தூக்கக் கூடாது, தூக்கினால் உன் தையல் விட்டுப்போகும் என்று டாக்டரம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

நான் சீக்கிரமே எழுந்து நடந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாமியார் அவளுடைய தழும்பைப் புதுச்சேலை போலக் காட்டினார். ஆரஞ்சுப் பழமெல்லாம் அவள் தலைமாட்டுக்கே போயிற்று. எனக்குக் காட்டத் தழும்பும் இல்லை, காட்டக்கூடிய இடமும் இல்லை. என்ன கோளாறு என்று சொல்லவே கூச்சம். ஓரகத்திக்கு மட்டும்தான் தெரியும்.

பதினைந்தாம் நாள் மாமியார் குடத்தை நீட்டினார்.

"அவுளுக்கு வயித்தக் கிழிச்சாங்க. நீ நல்லாத்தானே நடந்துகினு கீற?"

எனக்கு அழுகை முட்டியது, கோபம் அதைவிட முட்டியது. ஆனாலும் கை குடத்தை வாங்கிவிட்டது. ஓரகத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அவுளுக்கு எறங்கிப் போச்சு அத்தை. உள்ள தச்சிகீறாங்க. அது பிரிஞ்சா யாரு கண்ணுக்கும் தெரியாது."

மாமியார் குடத்தைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எறங்கிப் போனதக்கூடத் தைக்க முடியுமா?"

கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவருக்கும் அதேதானாம். அதோடுதான் இத்தனை வருஷமும் தண்ணீர் சுமந்திருக்கிறார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த வாரமே அவரைச் சித்தூருக்கு அழைத்துப் போனோம். சின்ன மருமகளுக்குச் செய்தது போலவே வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் தெலுங்கில் அவரே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பின்னாளில் எங்கள் வீட்டுத் தறியில் நெய்ய உட்கார்ந்தபோது, நெய்த துணியைச் சுருட்டும் படமரம் இடித்து ஓரகத்திக்குத் தழும்பு பல மாதம் வலித்தது, எனக்கு வலிக்கவில்லை.

மாமியார் வீடு திரும்பிய மறுநாள், குடம் தூக்கக் கூடாத பெண்கள் மூன்று பேர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மாமனார் இடுப்பில் குடத்தோடு கிணற்றிலிருந்து வந்தார். நகரி எந்தப் பக்கம் என்பதை விட்டுவிட்டு, தெருவே அவரைத்தான் பார்த்தது.