அவள் தனியாக எழுதிய கட்டுரை

என் மனைவி அணுக்கருப் பௌதிகவியலாளர். நான் திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். கலியாணத்துக்குப் பிந்திய காலத்தின் பெரும்பகுதியை அவள் ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடத்திலும் நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டிலுமாகக் கழித்தோம். சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு ஒருமுறை அவளிடம் போயிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க யன்னலோரக் கதிரையில்தான் இருந்தேன். கடைசியில் அவளே சொன்னாள்:

"நீங்கள் இஞ்ச வாடிப்போறீங்கள். ஊருக்குப் போங்கோ. வருஷத்துக்கு ஒருக்கா நான் வருவன்தானே."

சொன்னபடி வந்தாள். வந்தால் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய்த் தயிர்ச் சட்டி வாங்குவோம். எங்கே போனாலும் அவள் மடியில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அவள் திரும்பிப் போனபின், பாதி வாசித்துச் சாப்பாட்டு மேசையில் விட்டுப்போன காகிதங்களை ஒதுக்க எனக்கு மனம் வராது. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

இணையத்தில் அவளுடைய பெயருக்கு ஒரு பக்கம் இருந்தது. அவள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் சான்றாகக் காட்டினால், அது ஒரு மேற்கோள். அந்தக் கணக்கு அங்கே தெரியும். காலையில் தேத்தண்ணியோடு அதைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எண் கூடியிருந்தால், தெருவில் யாரோ அவளை விசாரித்துவிட்டுப் போனது போல இருக்கும்.

"ஜப்பானில ஆரோ உம்மைப் பற்றிக் கதைச்சிருக்கினம்," என்று தொலைபேசியில் சொல்வேன்.

"என்னைப் பற்றி இல்லை. என்ர நியூத்திரனைப் பற்றி," என்று சிரிப்பாள்.

மேற்கோள் கூடிக்கொண்டே போனவை எல்லாம் அவள் பலரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகள். தனியாக எழுதிய ஒன்று மட்டும் அசையவேயில்லை. ஓர் உலோகத்தின் அணுக்கரு நியூத்திரனை எவ்வளவு எளிதாக விழுங்குகிறது என்று அதில் அளந்திருந்தாள். எல்லோரும் நம்பிவந்த அளவைவிட அவளுக்குக் குறைவாகவே வந்தது. திருப்பித் திருப்பி அளந்தும் அதே விடைதான். அந்தக் கட்டுரைக்கு இருந்த ஒரேயொரு மேற்கோளும் அவளே பிறகு எழுதிய இன்னொரு கட்டுரையில் காட்டியது.

"பிழையெண்டு ஆராவது எழுதினாலும் பரவாயில்லை," என்று ஒருநாள் சொன்னாள். "ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தாள். எங்கள் காத்திருப்பு முடிந்தது என்று நினைத்தேன். முதல் சில கிழமைகள் அப்படித்தான் இருந்தன. பிறகு, உள்துறைமுகத்தில் ஏதாவது கப்பல் இயந்திரம் இரைந்தால், சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தாள். "எங்கட ஆய்வுகூடத்துப் பம்புகளும் இப்பிடித்தான் இரையும்," என்றாள். எத்தனையோ வருஷமாகக் கண்ணாடியில் நான் பார்த்த முகத்தை அன்று அவளிடம் பார்த்தேன்.

அவள் வீட்டில் இருந்தபோதும் என் காலைப் பழக்கம் நிற்கவில்லை. ஒருநாள் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் எண் கூடியிருந்தது. நான் கத்திய கத்தலில் குசினியிலிருந்து தேங்காய்ப்பூக் கையோடு ஓடிவந்தாள். புதிய கருவி ஒன்றில் வேறொரு குழு அதே அளவீட்டைச் செய்து பார்த்திருந்தது. அவர்களுக்கும் அவளுடைய விடையே வந்திருந்தது. வாசித்து முடித்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"சரியாத்தான் அளந்திருக்கிறன்."

"ஓம். சரியாத்தான் அளந்திருக்கிறீர்."

அதன்பின் அந்தக் கட்டுரையை ஒருவர் பின் ஒருவராக எடுத்துக் காட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அந்தக் குழுவிலிருந்தே அழைப்பும் வந்தது. அடுத்த உலோகத்தை அளக்க அவளும் வேண்டுமாம், சில மாதங்களுக்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "ஏலாது, இப்பதானே வந்தனான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் தயிரில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டு, தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீர் போயிட்டு வாரும்," என்றேன்.

"நீங்கள்?"

"நான் இருப்பன்."

"சும்மா சொல்லாதீங்கோ."

"சும்மா இல்லை. இஞ்ச இருந்துகொண்டே நீர் அங்க இருக்கிறதைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

தயிரைத் தள்ளி வைத்தாள். பிறகு எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்த குளிர் உடுப்புப் பெட்டியை இறக்கினாள்.

மழை தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். நேற்றுத் தொலைபேசியில் எடுத்தபோது குரல் இளமையாக இருந்தது. கருவியில் ஏதோ தாமதமாம், இன்னும் கொஞ்சநாள் ஆகலாமாம். "அதுக்கென்ன, அவசரமில்லை, ஆறுதலா வாரும்," என்றேன். பிறகு வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறிப் பாலையூற்று வரைக்கும் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. இறங்கி நின்று, அடுத்து வந்த பஸ்ஸில் திரும்பினேன்.