சங்கையா கண்ணை மூடினால் ஏலக்காய் இறங்கும்

வானொலியில் செய்தி ஓடும்போது சங்கையா கண்ணை மூடினால் மறுநாள் ஏலக்காய் விலை இறங்கும் என்று குமுளிக் கடைவீதியில் ஒரு பேச்சு. அதனால் காலையில் மிக்கேல் டீக்கடை முன்னால் கூடுகிறவர்களில் பாதிப்பேர் செய்தி கேட்பதில்லை. சங்கையாவின் இமையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் மழை நிலவரம் சொல்லும்போது மனிதர் தும்மித் தொலைத்துவிட்டார். தும்மினால் கண் மூடத்தானே செய்யும். டீ ஆறுவதற்குள் இரண்டு பேர் தங்கள் மூடைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்கிற உண்மைக் கதையைச் சொல்கிறேன். மற்றவர்கள் சொல்வதெல்லாம் சோடனை.

சங்கையா ஏலக்காய்த் தரகர். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். மலையேறி முப்பது வருஷம் ஆகியும் கம்பளி போடமாட்டார். குளிரெல்லாம் பணக்காரர்களுக்கு வருவது என்பார். எந்த மூடையைக் காட்டினாலும் ஒரு காயை எடுத்து நகத்தால் கீறுவார், மோந்து பார்ப்பார், உள்ளே இருக்கும் அரிசியை வாயில் போட்டுக்கொள்வார். தோலைக் கீழே எறியமாட்டார். சட்டைப் பைக்குள் போடுவார். சாயங்காலம் அவர் மனைவி ராமுத்தாய் பையைக் கவிழ்த்து அதைக் கொதிக்கவைத்து டீ போடுவாள். விருந்தாளி வாசனையைப் புகழ்ந்தால், "ஊரான் மூடைல்லா, மணக்காம என்ன செய்யும்" என்பாள்.

விலை என்ன ஆகும் என்று சங்கையாவைக் கேட்டால் ஒரே பதில்தான்: "பொறவு பாப்போம்." இதை அவர் முப்பது வருஷமாகச் சொல்கிறார். இப்போதுதான் அதில் அர்த்தம் இருப்பதாக ஊர் கண்டுபிடித்திருக்கிறது.

காரணம் இதுதான். இந்த எழுபத்துநாலாம் வருஷம் ஆடியில் பாங்கி வட்டியை ஏற்றிவிட்டதாக டில்லியிலிருந்து செய்தி வந்தது. நம் ஊர்ப் பெரிய வியாபாரிகள் ஏலக்காயைப் பாங்கியில் ஈடு காட்டிக் கடன் வாங்குவார்கள். அந்தக் கடனில் இன்னும் ஏலக்காய் வாங்குவார்கள். விலை ஏறட்டும் என்று கிட்டங்கியில் அடுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். வட்டி குறைவாக இருக்கும்வரை அது மெத்தை. வட்டி ஏறினால் மூடை அடுப்பு மாதிரி சுடும். எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள், எல்லோரும் விற்க வந்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. கையில் ரொக்கம் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும், பாங்கியில் போட்டாலே கூடுதல் வட்டி வரும்போது காயைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று பாங்கிக்குப் போய்விட்டார்கள். விலை மலைப்பாதையில் பிரேக் விட்ட லாரி போல இறங்கியது.

அந்தச் செய்தி வருவதற்கு முதல் வாரம்தான் சங்கையா தன் வீட்டில் வைத்திருந்த ஆறு மூடையையும், நல்ல விலைக்கு, ஒன்று விடாமல் விற்றிருந்தார். செய்தி வந்த காலையில் மிக்கேல் கடை வானொலி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டில்லியில் ஒரு பெரிய அதிகாரி வீட்டுச் சமையல்காரன் அவருக்கு மச்சான் முறை என்றார்கள். நான் நம்பவில்லை. அவருடைய மச்சான்களை எனக்குத் தெரியும். ஒருத்தனுக்கும் வெந்நீர் வைக்கத் தெரியாது. மனிதர் காயைக் கடித்தே காலத்தைக் கணித்துவிட்டார் என்பதுதான் என் கட்சி. போன வியாழக்கிழமை வரைக்கும்.

இதற்குள் சங்கையாவுக்கு மவுசு ஏறிவிட்டது. சும்மா பக்கத்தில் நின்றால் போதும், தரகு கொடுக்கிறார்கள். நடையில்கூட ஒரு நிதானம். ஊர் சொல்வது உண்மையா என்று கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு, "பொறவு பாப்போம்" என்றுவிடுவார்.

வியாழக்கிழமை டீக்கடைக்கு வேலுத்தாய் வந்தாள். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். வேலை முடிந்து சர்வீஸ் பணம் கொடுத்துவிட்டார்கள். தை பிறந்ததும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். கீழே கம்பத்தில் ஒரு ஓட்டு வீடு பார்த்திருக்கிறாள். பணம் கொஞ்சம் போதவில்லை. அதை வளர்க்கவேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

பாங்கிக் கடனில் வாங்கிய மூடைகளோடு மாட்டிக்கொண்டிருந்த கிட்டங்கிக்காரர் மத்தியாஸ், பணம் இருந்த அவளுடைய மஞ்சள் பையைப் பாதி தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார்.

"இப்போ காய் சல்லிசு கேட்டோ. ரெண்டு மூடை வாங்கிப் போடு. தை மாசம் வீடு வாங்கி, மாடும் வாங்கலாம்."

"பாங்கில போட்டா?"

"பாங்கில போட்டா அது அஞ்சு வருஷம் உறங்கும். நீ அதுவரைக்கும் எங்கே உறங்குவே?" என்று கேட்டுவிட்டு, சங்கையாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மூடைக்கு இரட்டைத் தரகு என்று முந்தின நாளே பேசியாகிவிட்டது.

வேலுத்தாய் பெஞ்சை இழுத்து சங்கையாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லவேண்டாம். கண்ண மூடுனீங்கன்னா நான் பாங்கிக்குப் போயிருதேன். மூடலன்னா மூடை வாங்குதேன். எனக்கு வேற யாரு இருக்கா."

மிக்கேல் டீயை ஆற்றுவதை நிறுத்திக்கொண்டார். சங்கையா கண்ணை மூடவும் இல்லை, சிமிட்டவும் இல்லை. விறகுப் புகை வேறு. இரண்டு கண்ணும் சிவந்து நீர் கோத்துக்கொண்டது.

"எவ்வளவு நேரம்வே முழிப்பீரு" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மூடலைல்லா. அப்போ மூடைதான்" என்று மத்தியாஸ் பைக்குள் கையை விட்டார்.

சங்கையா எட்டி அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தார். பையைத் தூக்கி வேலுத்தாயின் மடியில் வைத்தார்.

"ஏளா, எங் கண்ணப் பாத்தா வீடு வாங்கப் போற? எனக்கு டில்லியும் தெரியாது, வட்டியும் தெரியாது. எம் மகளுக்கு மசக்கை. ஏலக்கா வாடை பட்டாலே ஓங்கரிக்கா. வீட்ல மூடை இருக்கணுமா, மக இருக்கணுமான்னு எம் பொண்டாட்டி கேட்டா. வித்தேன். அம்புட்டுத்தான்."