திருப்பி அனுப்பிய மீன்தலை

என் கணவருக்கு மீன்தலைக் கறி என்றால் உயிர். அதுவும் தலை பெரிதாக இருக்க வேண்டும். போன ஞாயிறு, இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் சட்டி வந்ததும் எட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. சின்னத் தலை!

கடைக்காரர் குமாரிடம் முறையிட்டார். குமார் பதறிவிட்டார். சின்னத் தலைகளை அவர் வாங்குவதே இல்லையாம். காலையில் பெட்டியில் வந்தால் அப்படியே சப்ளையருக்குத் திருப்பி அனுப்பிவிடுவாராம். இது எப்படியோ தப்பி வந்துவிட்டதாம்.

பக்கத்து மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த குமாரின் தங்கை வித்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பி அனுப்புவீங்களா... எப்பவுமேவா?"

வித்யாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்று கம்ப்யூட்டரில் கணக்கு மாடல் போடுகிற வேலை. கடலுக்குள் இறங்கி யார் எண்ண முடியும்? அதனால் பிடிபட்ட மீனை அளக்கிறார்கள். தலையின் நீளம் தெரிந்தால் மீனின் நீளம் தெரியும், அதிலிருந்து வயது. வளர்ந்த மீன் நிறைய இருந்தால் கடல் நன்றாக இருக்கிறது. எல்லாம் குட்டியாக இருந்தால், வளரவிடாமல் பிடிக்கிறோம் என்று அர்த்தம்.

தலைக்கறிக்குப் போடும் ஈக்கான் மேரா என்கிற சிவப்பு மீனுக்காக, இந்த வட்டாரக் கடைகளுக்குக் காலையில் போய் ஸ்கேல் வைத்துத் தலைகளை அளந்திருக்கிறாள். மாடல் சொன்ன பதில் – பயமில்லை, இப்போது பிடிக்கிற அளவே பிடிக்கலாம். மீன்பிடி வரம்பை முடிவு செய்கிறவர்களிடம் திங்கட்கிழமை அதைத்தான் சொல்ல இருந்தாள். அண்ணனுக்கும் சந்தோஷம். கடை ஓடுவதே அந்தத் தலையால்தானே!

இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பெரிய தலைகளை மட்டும் வாங்கும் கடைகளில் அளந்தால், கடல் முழுக்கப் பெரிய மீனாகத்தானே தெரியும்?

இவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள். அந்தக் கடையில் வளர்ந்த பெண் அவள். ஹோம்வொர்க் செய்ததே அந்த மேசையில்தான். மீன்தலை என்றால் சட்டி நிறைய இருக்கும் என்பதுதான் அவள் கண்ட உலகம். நம் வீட்டில் பார்த்ததை வைத்து, ஊரே அப்படித்தான் என்று நாம் நினைப்பதில்லையா?

"மாத்தி எழுதணும் அண்ணே," என்றாள் மெதுவாக. "வரம்பு வச்சா தலை வரத்து கொறையும். வெலையும் ஏறும். கடைக்குக் கஷ்டம்."

குமார் திரும்பிக் கல்லாவைப் பார்த்தார். எனக்குத்தான் பதைப்பாக இருந்தது. கோபித்துக்கொள்வாரோ?

"நாளையிலேருந்து பெட்டியில வர்ற எதையும் திருப்பி அனுப்ப மாட்டேன். எல்லாத்தையும் அளந்துட்டுச் சொல்லு," என்றார். "கடைய நான் பாத்துக்கிறேன் லா."

திங்கட்கிழமை அவள் போய், என் கணக்கில் பிழை, அவகாசம் வேண்டும் என்று கேட்டாளாம். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அவகாசம் கொடுத்துவிட்டார்கள். மற்ற கடைகளையும் குமாரே பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

இந்த ஞாயிறும் போனோம். சமையல்கட்டில் ஐஸ்மேல் சின்னதும் பெரிதுமாகத் தலைகள்... சின்னதுதான் அதிகம். வித்யா குனிந்து அளந்துகொண்டிருந்தாள். பெரிய தலை தீர்ந்துவிட்டது என்று சொல்ல, குமார் தயங்கித் தயங்கி எங்கள் மேசைக்கு வந்தார்.

என் கணவர் சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "தங்கச்சி அளந்து முடிச்சது எதுவா இருந்தாலும் கொண்டாங்க தம்பி."

கல்யாணமான நாளிலிருந்து, சட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் அவர் சாப்பிட்டது அன்றுதான்.