நூற்றெட்டு கிலோவில் நின்றுபோன அல்போன்ஸ்

சேதராப்பட்டுக்குப் போகும் காலை ஷிப்ட் பஸ்ஸில் அல்போன்ஸ் ரொம்ப வருஷம் கண்டக்டராக இருந்தார். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறும் தொழிற்சாலைப் பெண்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். யார் எந்தக் கம்பெனி வாசலில் இறங்குவார்கள், யாருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குரல் பெரிய குரல். ஆளும் பெரிய ஆள். கல்யாணத்தன்று தொண்ணூறு கிலோ இருந்தவர், மகள் மெரின் பத்தாவது படிக்கும்போது நூற்று நாற்பத்தெட்டு ஆகியிருந்தார்.

அவ்வளவு உடம்போடு நெரிசலான பஸ்ஸுக்குள் நடக்க முடியாது. பின்படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார். முன்னால் இருப்பவர்கள் சில்லறையைக் கைமாற்றி அனுப்புவார்கள், டிக்கெட் அதே வழியில் திரும்பிப் போகும். யாரும் குறை சொன்னதில்லை. 2008 கோடையில் ஒருநாள் பஸ்ஸின் நடுவில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவள். அல்போன்ஸ் பதறிப்போய் அவளை நோக்கி உள்ளே பாய்ந்தார். நாலு சீட் தாண்டியதும் இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் நடுவில் இறுகி நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. டிரைவர் அம்மாவாசை வண்டியை ஓரம் கட்டினார். அந்தப் பெண்ணை முன்படி வழியாகத் தூக்கி இறக்கினார்கள். அதன் பிறகு நாலு பேர் சேர்ந்து அல்போன்சைப் பின்னால் இழுத்தார்கள். சட்டை கிழிந்தது. யாருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அன்று மனைவி அகஸ்டினாவிடம் சொன்னார்.

பஸ் முதலாளி கிருஷ்ணசாமி கெட்டவர் இல்லை. அல்போன்சை வேலையை விட்டு அனுப்பாமல் பஸ் ஸ்டாண்டில் டைம் பார்க்க உட்கார வைத்தார். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று பார்த்து, ஊர்ப்பெயர் சொல்லிக் கூவி ஆள் ஏற்றுகிற வேலை. "நூறுக்குக் கீழ வா அல்போன்சு, மறுபடியும் உன் வண்டியிலயே ஏத்திக்கிறேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். அல்போன்ஸ் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்.

அந்த ஜூலையில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் நடந்தது. அகஸ்டினா பயந்தாள். ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் மாதங்கள் அற்புதம் போல இருந்தன. நாலு ஸ்பூன் கஞ்சியில் வயிறு நிறைந்தது. எடை வாரத்துக்கு வாரம் இறங்கியது. மோதிரம் விரலிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. செருப்பு வாரைத் தானே குனிந்து மாட்டினார். நெல்லித்தோப்பு மெடிக்கல் ஷாப்பில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதில் ஏறி நிற்பார், மெரின் எண்ணைப் படிப்பாள். கிறிஸ்துமஸ் அன்று நூற்றெட்டு. நாற்பது கிலோ போயிருந்தது. கோயில் வாசலில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேச்சு மாறாத ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டி, "முசியே, பாதி ஆள எங்க தொலைச்சீங்க?" என்று கேட்டார். அல்போன்ஸ் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதோடு நின்றுவிட்டது.

புதுவருஷத்தில் நூற்றெட்டு. பொங்கலுக்கு நூற்றெட்டு. ஒரு வாரம் நூற்றேழரை காட்டியது, அடுத்த வாரம் திரும்ப ஏறிக்கொண்டது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. காலையும் மாலையும் நடந்துகொண்டும் இருந்தார். மெஷின் பழுது என்று வேறு கடைக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே எண்.

வந்தவர் போனவர் கேட்க ஆரம்பித்தார்கள். "அவ்ளோதானா கொறையும்?" என்று ஒருவர். "வெளியில எங்கனா பரோட்டா கிரோட்டா உள்ள தள்றியா?" என்று இன்னொருவர், விளையாட்டாகத்தான். அல்போன்சுக்கு அது விளையாட்டாக இல்லை. வாழ்நாள் முழுவதும் அவர் எதைச் சாப்பிட்டாலும் நாலு பேர் தட்டைப் பார்த்தார்கள். இப்போது சாப்பிடாதபோதும் பார்க்கிறார்கள்.

சென்னை மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்த ஹேமலதாவுக்குப் போன் செய்தார்.

"இது எல்லாருக்கும் வர்றதுதான் சார்," என்றார் ஹேமலதா. "உடம்பு மளமளன்னு எறங்கிட்டு கொஞ்ச நாள் நின்னுக்கும். புது அளவுக்குப் பழகணும் இல்லையா? பயந்துபோய் சாப்பாட்டக் கொறைக்காதீங்க. முட்டை, பருப்பு விடாதீங்க. விட்டமின் மாத்திரைய மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது."

"எவ்ளோ நாள் மேடம் நிக்கும்?"

"அத சொல்ல முடியாது சார். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு."

அல்போன்ஸ் போனை வைத்தார். வயிற்றை வெட்டித் தைத்த பிறகும் தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதே அவர் மனதில் நின்றது. மாசக்கணக்கு என்று ஹேமலதா சொன்னதை அகஸ்டினாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி கடைசியில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தைத் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி இருப்பது அந்த வீட்டில் வழக்கம்தான். பகலெல்லாம் பட்டினி கிடந்து ஒரே வேளை சாப்பிடுவார்கள். அந்த வருஷம் அல்போன்ஸ், தான் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப்போவதாகச் சொன்னார்.

"ஆபரேஷன் ஆன உடம்புங்க," என்றாள் அகஸ்டினா. "கோயில் சாமியாரக் கேட்டா அவரே வேணாம்னுதான் சொல்வாரு."

"பொழச்சு வந்திருக்கேன் இல்ல? ஆண்டவருக்கு நன்றின்னு வச்சுக்க."

உயிரோடு திரும்பியதற்கு நன்றி சொல்கிறவரை எப்படித் தடுப்பது?

ஒரு வேளை கஞ்சி என்று ஆரம்பித்தது. பிறகு அதுவும் அரை டம்ளர் ஆனது. முட்டையை விட்டார், பருப்பை விட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டியது, ஆகவே மாத்திரையையும் விட்டார். அகஸ்டினா ஸ்கூலுக்கு ஆயா வேலைக்குப் போகிறவள். காலையில் அவள் கிளம்பிய பிறகு அவர் எதைப் போடுகிறார், எதைப் போடவில்லை என்று பார்க்க ஆள் இல்லை.

எடை அசைந்தது. நூற்றாறு. நூற்று நாலு. அதைப் பார்த்தபோது அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. கோயிலில் எல்லாரும் அவருடைய பக்தியைப் பற்றிப் பேசினார்கள். அல்போன்ஸ் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அந்தப் புகழ் அவருக்கு முள்ளாகக் குத்தியது என்றாலும் நிறுத்த மனம் வரவில்லை.

பிறகு பாதம் எரிய ஆரம்பித்தது. எறும்பு ஊறுவது போல ஒரு குறுகுறுப்பு, இரவில் எரிச்சல். குடித்த கஞ்சி வாந்தியாக வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்தில் ஒவ்வொரு தலத்துக்கும் முழங்கால் போட்டு எழுந்திருக்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நடக்கையில் கால்களை அகற்றி அகற்றி வைத்தார். "ஏம்பா குடிச்ச மாதிரி நடக்கிற?" என்று மெரின் கேட்டாள். வெயில் என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று மெடிக்கல் ஷாப்புக்குத் தனியாகப் போனார். மெஷினில் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரட்டையாகத் தெரிந்தன. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார். தொண்ணூற்றொன்பது. அங்கிருந்தே கிருஷ்ணசாமிக்குப் போன் அடித்தார். "ஈஸ்டர் முடியட்டும் அல்போன்சு, வந்து வண்டியில ஏறு" என்றார் முதலாளி.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அல்போன்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கூவினார். சேதராப்பட்டு வண்டி நிற்கும் இடத்தில் அவருக்கு இரண்டு வண்டிகள் தெரிந்தன. எது நிஜம் என்று புரியாமல் பக்கத்தில் நின்ற விழுப்புரம் வண்டியைக் காட்டி, "சேதராப்பட்டு, சேதராப்பட்டு, ஏறும்மா ஏறு" என்றார். பழகிய குரலை நம்பிப் பெண்கள் அதில் ஏறினார்கள். அம்மாவாசை தன் வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க? நம்ம வண்டி அங்கல்ல நிக்குது?"

அல்போன்ஸ் அவரைப் பார்த்தார். கண்விழிகள் நிலைகொள்ளாமல் துடித்தன. "டிரைவர் வரட்டும், எடுக்கச் சொல்றேன்" என்றார்.

"நான்தாண்ணே டிரைவரு."

"நீ யாரு?"

அம்மாவாசை அன்று வண்டியை எடுக்கவில்லை. இன்னொரு டிரைவரை அனுப்பிவிட்டு, அல்போன்சை ஆட்டோவில் தாங்கிப் பிடித்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அகஸ்டினா ஸ்கூல் புடவையோடு வந்து சேர்ந்தாள்.

அங்கே இருந்த பெண் டாக்டர் இரண்டு மூன்று கேள்விகள்தான் கேட்டார். எப்போது ஆபரேஷன், என்ன சாப்பிடுகிறார், வாந்தி உண்டா.

"தவக்காலம் டாக்டர். ஒரு வேளைதான் கஞ்சி குடிப்பாரு."

"மாத்திரை?"

"போட்டுக்கிட்டுதான் இருக்காரு" என்றாள் அகஸ்டினா. கட்டிலில் கிடந்த அல்போன்ஸ் இல்லை என்று தலையை அசைத்தார். அவளுக்கு அது முதலில் புரியவில்லை.

உடம்பில் பி ஒன் விட்டமின் அடியோடு வற்றிவிட்டது, மூளையையும் நரம்பையும் அது தாக்கியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உங்களையே யாருன்னு கேட்டிருப்பாரும்மா. சில பேருக்கு அப்புறம் திரும்புறதே இல்ல" என்றார்.

இரண்டு மூன்று நாட்களில் கண் தெளிந்தது. ஆட்கள் ஒற்றையாகத் தெரிந்தார்கள், பெயர்கள் திரும்பி வந்தன. பெரிய வியாழனன்று வார்டில் அகஸ்டினா அவருக்கு வேகவைத்த முட்டையை மசித்து ஊட்டினாள். ஒரு வாய், பிறகு இன்னொரு வாய். பாதியில் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஆண்டவருக்காகன்னு சொன்னீங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நானும் நம்பி, ஊரெல்லாம் பெருமையா சொன்னேன். எம் புருஷன் நாப்பது நாளும் ஒருசந்தி இருக்காருன்னு. மெடிக்கல் ஷாப்பு மெஷினுக்காகவா இருந்தீங்க?"

"அகஸ்டி, எனக்கு வேற வழி தெரியல."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? கொறையலன்னு சொல்லிருக்கலாம்ல? கொறையலன்னா நான் என்ன உங்கள வூட்ட விட்டா தொரத்தப் போறேன்?"

அல்போன்ஸ் அழுதார். நூற்று நாற்பத்தெட்டு கிலோவோடு கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நாளில்கூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு ஸ்பூனை எடுத்து, "ஆறிப்போச்சு, வாயத் தொறங்க" என்றாள்.

ஈஸ்டர் பாஸ்கா அவர்களுக்கு வார்டிலேயே கழிந்தது.

வீடு திரும்பியபோது கையில் ஊன்றுகோல் இருந்தது. சில மாதங்களில் அதை விட்டுவிட்டார், ஆனால் பாதங்களில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. செருப்பு கழன்று விழுந்தால்கூடச் சில நேரம் தெரியாது. ஓடுகிற பஸ்ஸின் படியில் அந்தக் கால்களை நம்பி நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருஷ்ணசாமி வேறு ஒருவரைக் கண்டக்டராக நிரந்தரமாக வைத்துக்கொண்டார். இனி எந்த எடைக்கு வந்தாலும் அந்த வேலை இல்லை. இதை அல்போன்ஸ் சத்தம் போடாமல்தான் ஏற்றுக்கொண்டார். இருந்தாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை ஷிப்ட் வண்டி வளைந்து வெளியேறும்போது சில நாள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், அம்மாவாசை பார்த்திருக்கிறார்.

சாப்பிடத் தொடங்கியதும் எடை கொஞ்சம் ஏறியது. நூற்று நாலு வரைக்கும் போய், பிறகு மெல்ல இறங்கி நூற்றொன்றில் நின்றது. மெடிக்கல் ஷாப் மெஷினில் ஏறுவதில்லை, ஆஸ்பத்திரியில் பார்ப்பதோடு சரி என்று மெரினிடம் ஒப்புக்கொண்டிருந்தார். மாத்திரையை அகஸ்டினா கண்ணெதிரிலேயே போட வைத்தாள். அவள் முன்பு போல நம்பிவிடவில்லை. அதற்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அக்டோபரில் இருவரும் சென்னைக்குச் செக்கப்புக்குப் போனார்கள். ஹேமலதா ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த சர்க்கரை இப்போது இல்லை, பிரஷர் மாத்திரையும் பாதியாகக் குறைந்திருந்தது.

"இதுக்கு மேல கொறையாதா மேடம்?" என்று அல்போன்ஸ் கேட்டார்.

"கொறையலாம் சார். இங்கயே நின்னும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை மடித்து அகஸ்டினாவிடம் கொடுத்தார்.

"நின்னா நிக்கட்டும்," என்றார். அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. "கால்ல எரிச்சல் மட்டும் போவணும். ராத்திரி தூங்க முடியல."

ஹேமலதா எழுந்துபோய் நரம்பு டாக்டரிடம் பேசி அன்றே பார்க்க ஏற்பாடு செய்தார்.

திரும்பி வரும்போது பஸ் திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு ஓட்டலில் நின்றது. அல்போன்ஸ் ஒரு இட்லியும், வீட்டிலிருந்து எடுத்துவந்த அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்ன வயிறு, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். வெளியே ஹார்ன் அடித்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார்.

"உக்காருங்க," என்றாள் அகஸ்டினா. "நீங்க பொறுமையா சாப்புட்டு வாங்க. நான் போய் வண்டிய நிறுத்தி வைக்கிறேன்."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். அல்போன்ஸ் மறுபடியும் உட்கார்ந்து மீதி முட்டையை எடுத்துக்கொண்டார்.