போனில் வீட்டுக்குப் போகும் டீச்சர்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் செல்வலட்சுமி டீச்சர் வீடியோ காலை அழுத்துவார். உட்கார்ந்திருப்பது தன் சொந்தக் கட்டிலில். குளிருக்காக வீட்டுக்குள் போடுகிற செருப்பு அது. "அடுத்தவுக வீட்டுக்குப் போறோம்லா" என்பார். அதே அறையில் குடியிருக்கும் சக ஆசிரியை நான். சிரிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

கேரளத்தில் சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவருக்கு ஏழாம் வகுப்பு. பெற்றோர் வேலை முடிந்து லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும்போது எங்கள் கடைசி பஸ் போயிருக்கும். அதனால் மாலை ஆறரைக்குப் போனிலேயே ஒரு வீடு.

அந்த வீடுகளும் லேசுப்பட்டவை அல்ல. போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுக் குடும்பமே தரையில் உட்காரும். பேசி முடிந்ததும் போனை வாசல்வரை தூக்கிப் போய் வழியனுப்புவார்கள். அங்கே நின்றுதான் போனைக் கட் பண்ணுவார்கள். டீச்சராக ஒருநாளும் முந்திக்கொண்டு கட் பண்ண மாட்டார். மரியாதை இல்லையாம்.

ஃபேக்டரியில் வேலை பார்க்கும் சுடலைமணி, மகள் நிமியை ஏழாவதோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். எட்டாவதுக்கு வேறு பள்ளி. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். டீச்சர் தொடர்ந்து மூன்று மாலை அந்த வீட்டுக்குப் போனார். ஆடு குட்டி போட்டதை விசாரித்தார், மழையை விசாரித்தார், விண்ணப்பத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "கேட்டா, இல்லன்னு சொல்லிருவாக. சொன்னப்புறம் மாத்த ரோஷம் விடாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மாலை சுடலைமணி வழக்கம்போல வழியனுப்பிவிட்டு, போனை வாசல் சுவரில் வைத்தவர் கட் பண்ண மறந்து உள்ளே போனார். திரையில் மூடுபனியும் ஒரு கொடிக்கயிறும் தெரிந்தன. உள்ளே அவர் மனைவி சாந்தம்மாளின் குரல் கேட்டது. "ஒரு கையெழுத்துப் போட்டா என்ன?"

"அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துல மீட்டிங்குன்னு கூப்புடுவாக. எல்லாம் மலையாளத்துல எழுதித் தருவாக. எனக்குத் தமிழ்ல எம் பேரு எழுதவே கை தடுமாறுது. பிள்ளைக்கு முன்னால நின்னு முழிக்கச் சொல்லுதியா?"

டீச்சர் குரலை உயர்த்தினார். "அண்ணே, நான் இன்னும் வாசல்லதான் நிக்கேன்."

சுடலைமணி ஓடிவந்து போனை எடுத்தார். முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"கேட்டுட்டேண்ணே. மீட்டிங்குக்கு நான் கூட வாரேன். பேரு மட்டும் நீங்க எழுதுங்க. தமிழ்ல எழுதினாப் போதும்."

அவர் உள்ளே திரும்பி நிமியிடம் பேனா கேட்டார். இடது உள்ளங்கையில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதி, கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டினார்.

டீச்சர் ஆள்காட்டி விரலை நீட்டி, திரையில் அந்தக் கைமேல் ஒரு 'சரி' போட்டார்.