செப்பு வெற்றிலைத் தட்டு

லஸ் முனையைத் தாண்டும்போதுதான் கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருப்பதைப் பார்த்தேன். தோள் பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, கண்ணாடி அறுக்கும் டைமண்ட். சட்டைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. வெள்ளிக்கிழமை, பதினொன்றுகூட ஆகவில்லை. மேற்கே பார்த்து நடந்தேன்.

விட்டு வந்த வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றி, தி.நகரில் படத்துக்கு ஃபிரேம் போடும் கடையில் ஒதுங்கியிருந்தபோது, மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை வாங்க ஒரு மாமி அங்கே வருவார். கணக்கு டீச்சர். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து, தன் மயிலாப்பூர் வீட்டின் காலி கார் ஷெட்டில் மின்சூளை ஒன்றைக் கட்டியிருந்தார். துண்டுகளை அடுக்கி உள்ளே வைத்தால் உருகி ஒரே பலகையாகும். அதை மண் அச்சின் மேல் வைத்து மறுபடி சூடாக்கினால் ஈரத்துணி மாதிரி தொய்ந்து தட்டாகும், கிண்ணமாகும். துண்டு கொடுக்கப் போனவன் ஷெட்டிலேயே படுக்க ஆரம்பித்தேன். பகலில் கடை, மற்ற நேரமெல்லாம் சூளை. எதையும் விற்றதில்லை. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் எங்கள் சோப்புத் தட்டுதான்.

சூடாக்குவது பெரிய வேலை இல்லை. ஆறவிடுவதுதான் வேலை. சூடு காட்டும் முள் நாற்பதுக்கு வரும்வரை கதவைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு எடுத்த கண்ணாடி பார்க்க முழுசாக இருக்கும். ஒரு மணி நேரத்திலோ ஒரு வாரத்திலோ, யாரும் தொடாமலே பிளக்கும். ஒருமுறை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலமாரியிலிருந்த கிண்ணம் தானாக வெடித்தது. மாமி ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாலு மணி நேரம் முன்னாடி திறந்துட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

மாமியின் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். முன்பு வந்த ஓர் இடம், பேசிக்கொண்டிருக்கும்போது குத்துவிளக்கு அணைந்தது என்று எழுந்து போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. இந்த இடம் அமைந்ததும், சம்பந்தியிடம் மாற்றிக்கொள்ளும் தட்டைத் தானே செய்ய வேண்டும் என்று மாமி ஆசைப்பட்டார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செப்புத் தகட்டில் வெட்டிய வெற்றிலைகள். வெட்டியது நான்.

முந்தின சாயங்காலம் போன கரண்ட் வர வெகுநேரமாகி, சூளையை ராத்திரிதான் போட முடிந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு முள் நூற்றெண்பதில் நின்றது. பத்தரைக்கு ராகுகாலம். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்து முடித்திருந்தார்கள்.

மாமி பட்டுப்புடவையோடு ஷெட்டுக்கு வந்து தட்டை எடுக்கச் சொன்னார். மத்தியானம் தாண்டும் என்றேன். உள்ளே வெள்ளித் தட்டு இருக்கிறதே என்றும் சொன்னேன்.

"நானே பண்ணின தட்டுன்னு அவாகிட்ட சொல்லியாச்சுடா."

"புஸ்தகத்துல போட்டிருக்கே மாமி."

"புஸ்தகம் எழுதினவனுக்கு ராகுகாலம் தெரியுமா? எடுத்துண்டு வா."

கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. சாக்கைச் சுற்றித் தட்டைத் தூக்கினேன். வெற்றிலைகள் சிவந்து, ஓரங்களில் பச்சை ஏறியிருந்தன. அவ்வளவு நல்ல தட்டு நாங்கள் செய்ததே இல்லை. ஒரு கீறல் இல்லை. எங்கோ உள்ளே ‘டிக்’ என்று சின்னதாய் ஒரு சத்தம் கேட்டது. தட்டா, ஆறும் செங்கல்லா, தெரியவில்லை.

ஷெட்டிலிருந்து கொல்லைக் கதவுக்கு இருபது அடி இருக்கும். தேங்காயும் பழமும் வைத்து, சம்பந்தி கையில் இது போய்ச் சேரும்போது பிளந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். துவைக்கிற கல்லுக்கு நேராக வந்ததும் பிடியை விட்டேன்.

சமையல்காரர்களின் பாத்திரச் சத்தத்தில் கூடத்துக்கு எதுவும் கேட்கவில்லை. மாமி மட்டும் பார்த்தார். கை வழுக்கிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் விரல் கிழிந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்குப் போய்... போயிடு. என் கண்ல படாதே." வெள்ளித் தட்டை எடுக்க உள்ளே ஓடினார்.

பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பத்தரைக்கு முன்பே தட்டு மாறிவிட்டதாக, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒருவர் சொன்னார். அதன் பிறகு நடந்தேன்.

இரவு மேற்கு மாம்பலத்தில் தெரிந்தவன் ஒருவனுடைய அறையில் படுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த அந்தத் தட்டின் துண்டை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன். அது பிளந்துவிட்டால் நான் செய்தது சரி என்று மனதில் ஒரு கணக்கு. காலையில் எழுந்து பார்த்தேன். அப்படியே முழுசாக இருந்தது. அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மாமி வந்து போகும் ஃபிரேம் கடைக்கு இனிப் போவதாக இல்லை.

நந்தனத்தில் புதிதாக எழும்பும் ஓர் அலுவலகத்தின் முன்னால் லாரியிலிருந்து கண்ணாடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். மேஸ்திரி என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கண்ணாடி கிழிச்சுதா? தூக்கத் தெரியுமா, போட்டு ஒடைக்கத்தான் தெரியுமா?"

"ரெண்டும் தெரியும்."

சிரித்துவிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். ஆறடிக் கண்ணாடி. படி வழியாக மூன்றாவது மாடிக்கு.