கிறுக்கு என்று எழுதச் சொன்னார்கள்

முதலில் மாறியவை அவருடைய கைகள்.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் மெஷின்மேன். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற இடம். வேலை முடிந்து வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, நகக்கண்ணில் மை போன பிறகுதான் சோற்றில் கை வைப்பார். ஒரு தீபாவளி கழிந்த பிறகு மையோடே சாப்பிட உட்கார்ந்தார். அப்புறம் சாப்பிடவும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கேட்டால், "ஒண்ணுமில்ல, அசதி" என்பார். சோம்பல் என்றுதான் நினைத்தேன்.

குடி பிறகு வந்தது. அது மதுவிலக்குக் காலம். சாராயத்துக்கு ஒளிந்து ஒளிந்து போக வேண்டும். அச்சகத்தில் அந்தச் சிரமமும் இல்லை. காலண்டருக்குப் பளபளப்பு ஏற்றும் வார்னிஷுக்காக ஸ்பிரிட் வரும். யாரும் குடித்துவிடக் கூடாதென்று நாற்ற மருந்தும் அரக்கும் கலந்தே அனுப்புவார்கள். அதையும் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். என் பழைய ரவிக்கை ஒன்று அரக்குப் பிடித்து விறைத்துப்போய்க் கொல்லையில் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அந்த நாற்றத்தைப் பூசி மெழுகி எழுத எனக்கு வராது. வாயில், வியர்வையில், தலையணையில் எல்லாம் அதுதான். அவர் தொட்ட தம்ளரைத் தனியே வைத்தேன். இதே பாடு படுகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். அருவருப்பு வந்தால் வரட்டும். எனக்கு வந்தது, அதோடுதான் சோறு போட்டேன்.

ஒருநாள் அச்சில் சிவப்பு ஒரு பக்கமும் மஞ்சள் ஒரு பக்கமுமாக விலகி, ஒரு லோடு லேபிள் பாழாகிவிட்டது. மெஷினுக்குப் பக்கத்திலேயே அவர் சுருண்டு கிடந்தாராம். விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வீட்டிலிருந்தும் ஒருவர் வர வேண்டுமாம்.

என் கொழுந்தன் பயந்துபோனான். "குடின்னு எழுதிட்டா போலீசு வரும், மதினி. அவங்க என்ன சொன்னாலும் சரின்னுட்டு வந்துருங்க" என்றான். வேலை போனால் எங்கள் கதை முடிந்தது. ஓர் அச்சகம் துரத்தியவரை அந்த ஊரில் இன்னோர் அச்சகம் வாசற்படி ஏற்றாது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் பிழைப்பு ஓடும். ஆனால் வேலையும் இல்லாமல் வீட்டில் கிடந்தால் இவர் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மானேஜர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இவரை நிற்க வைத்தார். பக்கத்தில் ஒரு கிளார்க் பேனாவும் கையுமாக இருந்தார்.

"டீச்சரம்மா, குடிச்சாருன்னு நாங்க எழுதப்போறதில்ல. கிறுக்குன்னு எழுதி வேலைய விட்டு நிப்பாட்டிருவோம். நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்களுக்கும் கேவலமில்ல" என்றார், சந்தனம் மணக்க.

கருணை என்று ஒரு நிமிடம் நம்பினேன். பிறகுதான் புரிந்தது. அந்த ஸ்பிரிட், கம்பெனியின் லைசென்ஸில் வந்தது. குடி என்று எழுதினால், எதைக் குடித்தான், எங்கே கிடைத்தது என்று அதிகாரி வந்து கேட்பான். என் புருஷனைக் கிறுக்கனாக்கி இவர்கள் லைசென்ஸைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

அப்போது இவர் வாந்தி எடுத்தார். மேசைக்கு முன்னால், தரையெல்லாம். கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

வீட்டில் எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன். அன்றும் துடைக்க முந்தானையைக் கையில் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"டீச்சரம்மா, அதைக் கொஞ்சம்..." என்றார் மானேஜர்.

"கெடக்கட்டும்யா. உங்க கம்பெனிச் சரக்குதானே" என்றேன். "ஸ்பிரிட் ரூம் சாவி யாருகிட்ட இருக்கு? அதையும் எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். இல்லன்னா லீவு குடுங்க. மதுரையில வைத்தியம் பாத்துட்டு வேலைக்குத் திரும்ப வருவாரு."

மின்விசிறி அந்த நாற்றத்தை அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மானேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "சம்பளமில்லாத லீவு. வந்தப்புறம் மெஷின் கிடையாது, லேபிள் எண்ணட்டும்" என்றார். வேலை தங்கியது. நியாயத்தைக் கேட்டு நான் ஜெயிக்கவில்லை, மிரட்டித்தான் ஜெயித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் கொடுமை. கைநடுக்கம், பிதற்றல் (குடி சட்டென்று நின்றால் வருவது), மேலெல்லாம் எறும்பு ஊறுகிறது என்று அலறல். டாக்டர் என்னிடம் கேட்டார்: "குடிக்கு முன்னால எப்படி இருந்தார்?" கை கழுவாமல் உட்கார்ந்ததைச் சொன்னேன். "அப்போ நோய்தான் முதல்ல வந்திருக்கும்மா. குடி அதுக்கு அவரே பார்த்துக்கிட்ட வைத்தியம்" என்றார். மெலங்கோலியா (மனம் அடியோடு சோர்ந்துபோகும் நோய்) என்று பெயர் சொன்னார். கரண்ட் வைத்தார்கள் (தலையில் மின்சாரம் செலுத்தும் சிகிச்சை). அதில் சில நாட்களின் ஞாபகம் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

போயிற்று. பசி வந்தது, தூக்கம் வந்தது, பல் விளக்கும்போது ராகம் வந்தது. விசாரணை நாள் மட்டும் அவருக்குள் இல்லை. "நான் அங்கன என்ன சொன்னேன்?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லல, நின்னீக" என்றேன்.

வேலைக்குப் போய் லேபிள் எண்ணினார். குடிக்கவில்லை. ஆனாலும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மூக்கு அவரைச் சோதனை போட்டுவிடும். நான் சொல்லி அது கேட்பதில்லை.

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் மானேஜர் எதிரே வந்தார். இவர் ஓடிப்போய்க் கும்பிட்டார். "தங்கமான மனுசன். லீவு குடுத்து, வேலையும் வச்சிருந்தாரு. நீயும் ஒரு கும்பிடு போடு" என்றார் என்னிடம். இவர் முகத்தில் அத்தனை நன்றி. நெடுநாளைக்குப் பிறகு நான் பார்த்த தெளிந்த முகம் அது.

நானும் கும்பிட்டேன். மானேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

என் புருஷன் பிழைத்த அந்த விசாரணை நாள் என் புருஷனிடம் இல்லை. அதில் பாதி என்னிடம் இருக்கிறது, மிச்சம் அந்த ஆளிடம் இருக்கிறது.